10 எம்எம் பிஸ்டலில் .40 தோட்டாவைச் சுடலாமா?

கேள்வி: டெக்சஸில் வசிக்கிறேன். காட்டுப்பன்றி வேட்டைக்காக 10 எம்எம் க்ளாக் 20 பிஸ்டல் வாங்கினேன். தோட்டா விலை கையைக் கடிக்கிறது. .40 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவும் அதே பருமன்தான், நீளம்தான் குறைவு, விலையும் மலிவு. வேட்டைக்குக் கூட வரும் நண்பர் பல வருடமாக அதைப் போட்டுத்தான் பயிற்சி எடுக்கிறாராம், ஒன்றும் ஆகவில்லையாம். நானும் சுடலாமா?

பதில்: இப்போது இருக்கும் பேரலில் (துப்பாக்கிக் குழலில்) வேண்டாம். நண்பர் சொல்வது பொய்யில்லை. .40 தோட்டா அதில் ஏறும், சுடும், பெரும்பாலும் ஸ்லைடும் (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம்) ஒழுங்காக ஓடி அடுத்ததை ஏற்றிவிடும். ஆனால் சுடும் அந்த நொடியில் தோட்டாவைப் பிடித்துக்கொண்டிருப்பது எது என்று தெரிந்தால் உங்களுக்கே மனம் வராது.

பேரலைக் கழற்றி, காலியான சேம்பரை (தோட்டா உட்காரும் அறையை) வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே, ரைஃப்லிங் (புல்லட்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்கள்) தொடங்குவதற்குச் சற்று முன்னால் மெல்லிய வட்டப்படி ஒன்று தெரியும். 10 எம்எம் தோட்டாவின் பித்தளைக் கூட்டினுடைய வாய் அந்தப் படியில் போய் உட்கார வேண்டும். அடிப்பக்கத்தை ஸ்லைடின் முகம் தாங்கும். முன்னால் படி, பின்னால் ஸ்லைடு, நடுவில் தோட்டா அசையாமல் நிற்கும். விளிம்பு வெளியே நீட்டாத பிஸ்டல் தோட்டாக்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இதுதான் ஏற்பாடு.

10 எம்எம் கூட்டின் நீளம் 25.2 மில்லிமீட்டர். .40 கூட்டின் நீளம் 21.6 மில்லிமீட்டர். அதாவது உங்கள் சேம்பரில் .40 தோட்டாவின் வாய்க்கும் அந்தப் படிக்கும் நடுவே 3.6 மில்லிமீட்டர் வெற்றிடம். முன்னால் தாங்க ஒன்றுமில்லை. பிறகு ஏன் தோட்டா முன்னே ஓடிவிடாமல் நிற்கிறது? இரண்டுக்கும் அடிவட்டம் கிட்டத்தட்ட ஒரே அளவு. மேகசினிலிருந்து மேலேறும்போது அந்த அடிவட்டம் எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்குள் நுழைந்துகொள்கிறது. கொக்கி மட்டும்தான் அதைப் பின்னால் இழுத்துப் பிடித்திருக்கிறது.

அந்தக் கொக்கி செய்யப்பட்டது வெற்றுக்கூட்டை வெளியே இழுக்க. இங்கே ஃபயரிங் பின் (ட்ரிகரை அழுத்தியதும் தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி) தோட்டாவை முன்னே தள்ளும் அடியையும் அதுவே தாங்குகிறது. மருந்து பற்றியதும் கூடு பின்னால் வந்து ஸ்லைடு முகத்தில் மோதுகிறது. நூறு தடவை தாங்கலாம், ஆயிரம் தடவையும் தாங்கலாம். கொக்கியின் நுனி எப்போது தேய்ந்தது, எப்போது சில்லு விட்டது என்பது பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும்வரை தெரியாது. வேட்டைக்காடுதான் அதைக் காட்டிக்கொடுக்கும் இடம் என்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

கொக்கி நழுவினால் தோட்டா சேம்பருக்குள் முன்னே சறுக்கிவிடும். ட்ரிகரை அழுத்தினால் வெறும் 'க்ளிக்'. எனக்கு மிகவும் கவலை தருவது இதற்கு அடுத்த கட்டம். க்ளிக் கேட்டதும் கை தானாக ஸ்லைடை இழுக்கும், அப்படித்தானே எல்லோரும் பழகியிருக்கிறோம்! கொக்கிக்குள் இல்லாத தோட்டா வெளியே வராது. மேகசினிலிருந்து அடுத்தது ஏறி, அதன் மூக்கு முன்னால் கிடக்கும் தோட்டாவின் பிரைமர்மேல் (மருந்தைப் பற்றவைக்கும் அடிப்பொத்தான்) போய் முட்டலாம். ஸ்லைடு முழுதாக மூடாத நிலையில் அந்தப் பிரைமர் பற்றிக்கொண்டால் பித்தளைக் கூட்டைத் தாங்க எதுவும் இல்லை.

இன்னொரு தொந்தரவும் உண்டு. புல்லட் (தோட்டாவின் முனையிலிருந்து பறந்து போகும் குண்டு) கூட்டை விட்டுக் கிளம்பியதும் அந்த வெற்றிடத்தைத் தாண்டித்தான் ரைஃப்லிங்கைப் பிடிக்க வேண்டும். கூட்டின் வாய் நிற்கவேண்டிய இடத்தில் கரியும், ஈயப் புல்லட்டாக இருந்தால் ஈயமும், வளையமாகப் படியும். அப்புறம் நிஜமான 10 எம்எம் தோட்டா போட்டால் முழுதாக உட்காராது. குறிதவறுவதும் கூடும். மலிவுத் தோட்டாவில் எடுத்த பயிற்சி, வேட்டையில் போடும் தோட்டாவுக்கு உதவாமல் போகலாம்.

இரண்டும் இவ்வளவு ஒத்திருப்பது தற்செயல் இல்லை. 10 எம்எம் ஆட்டோ 1983-இல் வந்தது. 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்பிஐ ஏஜெண்டுகள் இருவர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு நடந்த தேடலில் எஃப்பிஐ 10 எம்எம்மைத் தேர்ந்தெடுத்தது. முழு வேகத் தோட்டாவின் உதை அதிகமாக இருந்ததால் 180 கிரெய்ன் (சுமார் 11.7 கிராம்) புல்லட்டை நொடிக்குச் சுமார் 950 அடி வேகத்தில் செலுத்தும் மிதமான தோட்டாவுக்கு இறங்கி வந்தார்கள். அவ்வளவு மருந்துக்கு அத்தனை நீளக் கூடு எதற்கு? ஸ்மித் அண்ட் வெஸனும் வின்செஸ்டரும் சேர்ந்து கூட்டைக் குறுக்கி, 9 எம்எம் அளவுப் பிஸ்டலிலேயே அடங்கும்படி 1990-இல் .40-ஐக் கொண்டுவந்தன. புல்லட்டும் அடிவட்டமும் மாறவில்லை, நீளம் குறைந்தது. அதனால்தான் உங்கள் க்ளாக் அதை ஏமாந்து ஏற்றுக்கொள்கிறது.

ரிவால்வர்காரர்கள் உடனே கேட்பார்கள்: ".357 மேக்னத்தில் .38 ஸ்பெஷலைக் காலங்காலமாகச் சுடுகிறோமே?" தாராளமாகச் சுடலாம், தயாரிப்பாளர்களே அனுமதிக்கிறார்கள். அந்தத் தோட்டாக்களுக்கு வெளியே நீட்டிய விளிம்பு உண்டு. சிலிண்டரின் பின்முகத்தில் அந்த விளிம்பு தங்குகிறது, கூட்டின் நீளத்தை நம்பி எதுவும் இல்லை. அழுத்தமும் பாதிதான். .38 ஸ்பெஷலுக்கு 17,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), .357-க்கு 35,000. கரி வளையத்தை மட்டும் அவ்வப்போது வெண்கல பிரஷ் போட்டுத் தேய்த்துவிட வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸன் 610 ரிவால்வரில் 10 எம்எம், .40 இரண்டையும் சுடலாம் என்பதற்கும் காரணம் அதேதான். பிறை வடிவ எஃகுத் தகடு தோட்டாக்களின் அடியைக் கவ்வி நிறுத்துகிறது.

'குட்டை என்றால் பலம் குறைவு, அதனால் ஆபத்தில்லை' என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். .40-இன் உச்ச அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ, 10 எம்எம்முக்கு 37,500. பெரிய வித்தியாசம் இல்லை. நம் நாட்டு உதாரணம் இதைவிடத் தெளிவானது. இந்திய ஆர்டினன்ஸ் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் தோட்டாவுக்கானது. பிஸ்டலுக்கான .32 ஏசிபி தோட்டாவுக்குச் சிறு விளிம்பு இருப்பதால், இந்த லாங் ரக ரிவால்வர்களில் அது நின்றுகொள்ள வாய்ப்பு உண்டு. அதன் கூடு லாங்கின் கூட்டைவிட 6 மில்லிமீட்டர் குட்டை. ஆனால் லாங்கின் அழுத்த வரம்பு 15,000 பிஎஸ்ஐ, ஏசிபிக்கு 20,500! ஊரில் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் கடையில் வெறுமனே '.32 கொடுங்கள்' என்று கேட்காமல் தோட்டாவின் முழுப்பெயரையும் சொல்லி வாங்க வேண்டும்.

சரி, செலவைக் குறைக்க என்ன வழி? க்ளாக் 20-க்கென்றே .40 சேம்பர் வெட்டிய மாற்றுப் பேரல்கள் கிடைக்கின்றன. அடிவட்டம் ஒன்றே என்பதால் ஸ்லைடை மாற்ற வேண்டியதில்லை. 10 எம்எம் மேகசினிலேயே .40 பெரும்பாலும் ஏறும், ரேஞ்சில் சோதித்துக்கொள்ளுங்கள். கனமான ரீகாயில் ஸ்ப்ரிங் (ஸ்லைடை முன்னே தள்ளும் சுருள்வில்) போட்டிருந்தால் ஸ்லைடு சோம்பும், பிஸ்டலோடு வந்த பழையதை மாட்டுங்கள். க்ளாக் 22 பேரலைப் பொருத்த முயலாதீர்கள், அது அளவில் சிறிய பிஸ்டலுக்கானது. பேரல் வாங்க மனமில்லையென்றால் மிதமான 10 எம்எம் பயிற்சித் தோட்டாவை மொத்தமாக வாங்குங்கள். அவற்றில் பல கிட்டத்தட்ட .40 வேகத்தில்தான் போகின்றன, உதையும் கம்மி.

நண்பரிடம் ஒரு வேலை சொல்லுங்கள். பிஸ்டலை முழுவதும் காலி செய்து, பேரலைக் கழற்றி, சேம்பரை நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்யட்டும். பேரலை மட்டும் செங்குத்தாகப் பிடித்து ஒரு 10 எம்எம் தோட்டாவைப் போட்டால் 'டொக்' என்று விழுந்து, விரலால் சுற்றினால் தடையின்றிச் சுற்ற வேண்டும். கவிழ்த்தால் தானாக வெளியே விழ வேண்டும். அப்படி இல்லையென்றால் கரி இன்னும் இருக்கிறது. எக்ஸ்ட்ராக்டரைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டுவது நல்லது. பல வருடம் .40 சுட்ட பிஸ்டலுக்கு நானாக இருந்தால் யோசிக்காமல் புதிய எக்ஸ்ட்ராக்டர் போட்டுவிடுவேன். விலை ஒரு பெட்டித் தோட்டா அளவுகூட வராது.

மாற்றுப் பேரல் வாங்கினால், எந்தப் பேரல் மாட்டியிருக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் எஜெக்‌ஷன் போர்ட் (வெற்றுக்கூடு வெளியேறும் திறப்பு) அருகே பொறித்திருக்கும் எழுத்தைப் படித்து உறுதிசெய்யுங்கள். ரேஞ்சுக்குப் போகும் பையில் ஒரே நாளில் இரண்டு ரகத் தோட்டாக்களையும் வைக்காதீர்கள்.