மார்க் குறைந்தவர்களுக்கு உளவியல் பிஎச்.டி. கிடைக்குமா?

கேள்வி: அமெரிக்காவில் பி.ஏ. உளவியல் முடித்திருக்கிறேன். ஜி.பி.ஏ. (மொத்த மதிப்பெண் சராசரி) நான்குக்கு 2.9. முதல் இரண்டு வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ந்து முழி பிதுங்கி, இரண்டு பாடத்தில் எஃப் வாங்கி, அப்புறம்தான் உளவியலுக்கு மாறினேன். மாறிய பிறகு பெரும்பாலும் ஏ, பி தான். புள்ளியியலில் மட்டும் சி. கிளினிக்கல் சைக்காலஜியில் பிஎச்.டி. செய்ய ஆசை. வருகிற டிசம்பரில் விண்ணப்பிக்கலாமா, இல்லை இந்த ஆசையை மூட்டை கட்டி வைத்துவிடவா?

பதில்: ஆசையை மூட்டை கட்ட வேண்டாம், வருகிற டிசம்பரை மட்டும் விட்டுவிடுங்கள். நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பிக்க, பத்துக்கும் குறைவானவர்களை எடுக்கும் படிப்பு இது. 3.0-க்குக் கீழே இருந்தால் படித்துப் பார்க்காமலே ஒதுக்கிவைக்கும் பல்கலைக்கழகங்களும் நிறைய. இப்போது இருக்கிற கையிருப்போடு போனால் விண்ணப்பக் கட்டணம்தான் நஷ்டம்.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கிளினிக்கல் பிஎச்.டி.யில் பெரும்பாலான இடங்களில் உங்களைத் தேர்ந்தெடுப்பது ஒரு பேராசிரியர். தன் லேபுக்கு அந்த வருடம் ஒருவரை எடுக்கப் போகிறார், அந்த ஒருவரோடு ஐந்தாறு வருடம் குப்பை கொட்டப் போகிறார். இவரால் டேட்டாவைக் கையாள முடியுமா, ஆய்வேட்டை எழுதி முடிப்பாரா, நடுவில் விட்டுவிட்டுப் போய்விடுவாரா, இதுதான் அவருடைய கவலை. அந்தக் கண்ணோடு உங்கள் மதிப்பெண் பட்டியலைப் பாருங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸில் வாங்கிய எஃப் அவரை அவ்வளவாக உறுத்தாது, துறை ஒத்துவரவில்லை என்று விட்டுவிடுவார். புள்ளியியலில் வாங்கிய அந்த சி-தான் உறுத்தும்.

ஆகவே முதல் வேலை, புள்ளியியலை மறுபடி எடுப்பது, முடிந்தால் அதற்கு அடுத்த நிலைப் பாடம் ஒன்றையும் எடுத்து இரண்டிலும் ஏ வாங்குவது. இதனால் ஜி.பி.ஏ. ஏறிவிடும் என்று நம்பி எடுக்காதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 120 கிரெடிட்டில் 2.9 வைத்திருக்கிற ஒருவர் மூன்று கிரெடிட் பாடங்கள் நான்கு எடுத்து நான்கிலும் ஏ வாங்கினால்கூட வருவது சரியாக 3.0. பட்டம் வாங்கிய பிறகு எடுத்த பாடங்களைப் பழைய ஜி.பி.ஏ.வில் சேர்க்காத கல்லூரிகளும் உண்டு. சராசரியைத் துரத்திக்கொண்டு அலைய வேண்டாம். பேராசிரியருக்கு எந்த இடத்தில் சந்தேகம் வருகிறதோ அந்த இடத்தில் புதிய சான்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடைசி இரண்டு வருட மதிப்பெண்ணையும் உளவியல் பாட மதிப்பெண்ணையும் தனியாகக் கேட்கிற இடங்களும் இருக்கின்றன, உங்களுக்கு அவை சாதகம்.

இரண்டாவது வேலைதான் பெரியது, இரண்டு வருடம் ஒரு ஆய்வு லேபில் உட்காருவது. ரிசர்ச் கோஆர்டினேட்டர், லேப் மேனேஜர் என்று பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் ஆள் எடுக்கின்றன. சம்பள வேலை கிடைக்காவிட்டால் வாரத்துக்குப் பத்து மணி நேரம் தன்னார்வலராகத் தொடங்குங்கள். ஆய்வுக்கு வருபவர்களிடம் ஒப்புதல் வாங்குவது, வராதவர்களைத் திரும்பத் திரும்பப் போனில் கூப்பிடுவது, விடுபட்ட பதில்களைத் தேடிப்பிடித்து டேட்டாவைச் சுத்தம் செய்வது என்று பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் இதில்தான் பரிந்துரைக் கடிதம் பிறக்கிறது. "என் வகுப்பில் ஏ வாங்கினார், நல்ல மாணவி" என்று எழுதுகிற கடிதம் யாரையும் அசைக்காது. "ஒரு ஆய்வுக் கேள்வித்தாளில் தலைகீழாக (அதிகம் என்ற பதிலுக்குக் குறைந்த மதிப்பெண் என்று) மதிப்பெண் போட வேண்டிய நான்கு கேள்விகளை எங்களில் யாரும் கவனிக்கவில்லை, இவர்தான் கண்டுபிடித்துச் சரிசெய்தார்" என்று ஒரு பேராசிரியர் எழுதினால் 2.9 என்ற எண் அந்த இடத்திலேயே சிறுத்துவிடும்.

ஆய்வேடு எழுதவைக்கிற மாஸ்டர்ஸ் படிப்பும் ஒரு வழிதான், ஆனால் கைக்காசு போகும். அந்த நிலையில் பி வாங்குவதே சுமார் என்றுதான் எண்ணப்படும், அதனால் தயாராகிவிட்டுப் போங்கள். ஜி.ஆர்.இ. என்ற நுழைவுத் தேர்வைப் பல இடங்களில் இப்போது கேட்பதில்லை. விருப்பமிருந்தால் அனுப்பலாம் என்று இருக்கிற இடங்களுக்கு, நல்ல மார்க் வந்தால் மட்டும் அனுப்புங்கள்.

பழைய மதிப்பெண்ணைப் பற்றி விண்ணப்பக் கட்டுரையில் இரண்டு வரி போதும்: "முதல் இரண்டு ஆண்டுகள் எனக்குப் பொருந்தாத துறையில் இருந்தேன். துறை மாறிய பின் வாங்கிய மதிப்பெண்களும், மறுபடி எடுத்த புள்ளியியலும் என் இன்றைய திறமையைக் காட்டும்." புலம்பலும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். மிச்சம் முழுவதும் நீங்கள் செய்த ஆய்வைப் பற்றி இருக்கட்டும்.

கேள்வி: எனக்கே மன அழுத்தம் இருந்தது. அதனால்தான் மதிப்பெண் சரிந்தது, அதனால்தான் இந்தத் துறைக்கும் வந்தேன். இதை விண்ணப்பக் கட்டுரையில் எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் மனநோயை ஒளிக்காதீர்கள் என்று ஊருக்குச் சொல்கிற துறை இது. ஆனால் ட்ரூ ஆப்பிள்பி, கேரன் ஆப்பிள்பி என்ற இருவர் உளவியல் அட்மிஷன் குழுத் தலைவர்களிடம் கேட்டு, ஒரு விண்ணப்பத்தை எவை கெடுக்கின்றன என்று 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சொந்த மனநலப் பிரச்சினையை விரிவாக எழுதிய கட்டுரைகள் அந்தப் பட்டியலில் இருந்தன. படிப்பவர் அந்நியர், அவரிடம் இருப்பதோ ஒரே ஒரு காகிதம். உங்களை முழுதாகப் புரிந்துகொள்ள அவருக்கு வேறு வழியில்லை.

அந்த அனுபவம் வீண் என்று சொல்லவில்லை. அது உங்களுக்குள் ஒரு கேள்வியைக் கிளப்பியிருக்கும், உதாரணமாக, உதவி தேவைப்பட்டும் ஏன் சிலர் சிகிச்சைக்குப் போகத் தள்ளிப்போடுகிறார்கள் என்று. அந்தக் கேள்வியை எழுதுங்கள். மதிப்பெண் சரிந்ததற்கு "உடல்நலக் காரணம், இப்போது சரியாகிவிட்டது" என்ற ஒரு வரி போதும். அதையும் நீங்கள் எழுதுவதைவிட உங்களை அறிந்த பேராசிரியர் தன் கடிதத்தில் எழுதினால் எடுபடும்.

கேள்வி: பிஎச்.டி. எங்கும் கிடைக்கவில்லை. சை.டி. (Psy.D.) படிப்பில் ஒரு இடம் கிடைத்திருக்கிறது, முழுச் செலவும் கடன்தான். ஏப்ரல் 15-க்குள் பதில் சொல்ல வேண்டும். சேரலாமா?

பதில்: சை.டி. குறைந்த பட்டம் இல்லை. ஆய்வைவிடச் சிகிச்சைப் பயிற்சிக்கு அழுத்தம் கொடுக்கிற முனைவர் பட்டம் அது, படித்து முடித்தால் உளவியலாளராகத் தொழில் செய்ய லைசென்ஸும் வாங்கலாம். கவலை கடனைப் பற்றித்தான். நல்ல பிஎச்.டி. இடங்களில் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாத உதவித்தொகையும் தருவார்கள், சை.டி.யில் பெரும்பாலும் நாம்தான் கட்ட வேண்டும்.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் யோசிக்கவே வேண்டாம். இருந்தால், மொத்தச் செலவு எவ்வளவு, எத்தனை பேர் நடுவில் விலகினார்கள், எத்தனை பேருக்கு இன்டர்ன்ஷிப் (பட்டத்துக்கு முன் மேற்பார்வையில் செய்யும் சிகிச்சைப் பயிற்சி) கிடைத்தது, எத்தனை பேர் லைசென்ஸ் வாங்கினார்கள் என்பதையெல்லாம் அந்தப் படிப்பின் இணையதளத்தில் போட்டாக வேண்டும் என்பது விதி. இன்று ராத்திரியே உட்கார்ந்து அதைப் படியுங்கள். வருடத்துக்கு ஏராளமானவர்களைச் சேர்த்துக்கொண்டு, அதில் கணிசமானவர்களுக்கு இன்டர்ன்ஷிப் கிடைக்கவில்லை என்றால் விலகிவிடுங்கள், இன்டர்ன்ஷிப் முடிக்காமல் பட்டம் கைக்கு வராது.

இன்னொன்று, நோயாளிகளுக்குச் சிகிச்சை தருவதுதான் உங்கள் விருப்பம் என்றால் அதற்கு முனைவர் பட்டமே தேவையில்லை. கவுன்சலிங்கிலோ சமூகப் பணியிலோ மாஸ்டர்ஸ் முடித்து, மேற்பார்வையில் பயிற்சி மணி நேரங்களை முடித்து லைசென்ஸ் வாங்கியவர்கள் அங்கே அன்றாடம் அந்த வேலையைத்தான் செய்கிறார்கள். உளவியல் சோதனைகள் நடத்தி அறிக்கை எழுதுவது, ஆய்வு செய்வது, பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துவது, இதில் ஏதாவது வேண்டும் என்றால்தான் முனைவர் பட்டத்துக்குப் போராட வேண்டும். இரண்டில் எது என்று தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கல்லூரிக்குப் பதில் எழுதுங்கள்.