வாசகர் கேள்வி – பதில்: வெனிஸில் மூன்று நாட்கள்

கேள்வி: வெனிஸ் நகரில் மூன்று நாட்கள் தங்கவிருக்கிறோம். ஓவியங்களையும் தீவுகளையும் பார்க்க விருப்பம். கொண்டோலா படகில் ஏறாமல் திரும்பினால் குறையாகிவிடுமா? – வாசகி, திருச்சி

பதில்: குறையே இல்லை. ஏறக்குறைய 3.8 கிலோமீட்டர் வளைந்து செல்லும் பெருங்கால்வாயை, வபோரெட்டோ எனப்படும் பொதுப்படகின் 1ஆம் எண் தடத்தில், இரு கரை மாளிகைகளையும் பார்த்தபடி நிதானமாகக் கடக்கலாம். கொண்டோலாவைக் கரையில் நின்று கவனித்தாலே போதும்: படகோட்டி ஒற்றைத் துடுப்பை வலப்பக்கமாகவே வலிப்பதால், படகு திரும்பிவிடாதிருக்க அதன் இடப்பக்கத்தைச் சற்று அகலமாகக் கட்டியிருப்பார்கள்.

ஓவியத்துக்கு ஒரே இடம் என்றால் சான் ரோக்கோ மண்டபத்தைத்தான் சொல்வேன். 1564இல் அங்கே வரையத் தொடங்கிய டின்டொரெட்டோ, இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதன் சுவர்களையும் கூரைகளையும் நிறைத்தார்; கழுத்து வலிக்காமல் கூரை ஓவியங்களைப் பார்க்க அங்கே கைக்கண்ணாடி வைத்திருக்கிறார்கள், தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

தீ விபத்துக்கு அஞ்சி 1291இல் கண்ணாடி உலைகள் இடம்பெயர்க்கப்பட்ட முரானோ தீவுக்கு அரை நாள் தாராளம். புரானோவின் வண்ண வீடுகளைப் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம். மிச்ச நேரத்தையெல்லாம் டோர்செல்லோவுக்கு ஒதுக்குங்கள். 639இல் நிறுவப்பட்ட அத்தீவின் பேராலயத்தில், மேற்குச் சுவர் முழுவதும் இறுதித் தீர்ப்புக் காட்சி மொசைக் ஓவியமாக (சிறு துண்டுகளைப் பதித்த ஓவியம்) விரிந்திருக்க, எதிரே பொன்னிறப் பரப்பில் மரியன்னை தனியே நிற்கிறார்.