வாசகர் கேள்வி-பதில்: காரணம் ஒரு கணக்கு, பழி வேறு கணக்கு

இந்த இதழில் பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப்புற வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் தருகிறோம். அங்கே நடக்கவிருக்கும் ஒரு பட்டிமன்றத்தை ஒட்டி எழுந்த கேள்விகள் இவை.

கேள்வி: கோயில் மண்டபத்தில் பட்டிமன்றம் வைக்கிறோம். "பயங்கரவாதத்துக்குக் காரணம் வறுமையா, மதவெறியா, அரசின் அடக்குமுறையா?" என்பது தலைப்பு. ஒத்திகையிலேயே சண்டை வந்துவிட்டது. தலைப்பை மாற்றலாமா?
- இளைஞர் மன்றச் செயலாளர்

பதில்: மாற்றுங்கள். இந்தத் தலைப்பு இரண்டு கேள்விகளைக் குழப்புகிறது. ஏன் நடந்தது என்பது ஒன்று. யார் பதில் சொல்ல வேண்டும் என்பது இன்னொன்று. ஓர் அணி காரணம் சொல்லத் தொடங்கியதும், கொலைகாரனுக்கு வக்காலத்து வாங்குகிறார்கள் என்று எதிரணி கொதிக்கும். அவர்கள் பழி சொன்னால், வரலாறு தெரியாமல் பேசுகிறார்கள் என்று இவர்கள் கொதிப்பார்கள். உங்கள் ஒத்திகையிலும் இதுதான் நடந்திருக்கும்.

இரண்டு சுற்றாக நடத்துங்கள். பொதுவாகப் பேசவிடாமல் குறிப்பிட்ட ஒரு சம்பவத்தைக் கொடுங்கள். முதல் சுற்றில் காரணம் மட்டும். அதை மூன்று அடுக்காகப் பிரிக்கச் சொல்லுங்கள்: ஆண்டுக்கணக்கில் இருந்துவந்த பின்புலம், சில நாள்களிலோ மாதங்களிலோ வந்த தூண்டுதல், ஆயுதம் எடுப்பதென்று யாரோ எடுத்த முடிவு. பின்புலத்தையும் தூண்டுதலையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்று அரசியல் ஆய்வாளர் மார்த்தா கிரென்ஷா 1981-இலேயே எழுதினார். மூன்றாவது அடுக்கைத்தான் பேச்சாளர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். வறுமை தானாகக் குண்டு வைப்பதில்லை. நடுவில் ஒரு மனிதர் அல்லது ஓர் இயக்கம் முடிவெடுத்தாக வேண்டும். இரண்டாம் சுற்றில் பழி. தன் தரப்பு செய்த செயல்களில் நியாயப்படுத்த முடியாத ஒன்றையாவது ஒவ்வொரு பேச்சாளரும் முதல் நிமிடத்திலேயே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று விதி வையுங்கள்.

எது பயங்கரவாதம் என்ற வரையறையை நடுவர் முன்கூட்டியே எழுதி வாசித்துவிட வேண்டும். "அரசியல் நோக்கத்துக்காக, பார்ப்பவரை அச்சுறுத்த, ஆயுதம் ஏந்தாதவரைக் குறிவைத்துத் தாக்குவது" என்பது மண்டபத்துக்குப் போதும். ஐ.நா.வில் 1996 முதல் பேசியும் முழுமையான வரையறை உடன்பாடாகவில்லை. விடுதலைப் போராட்டங்களைச் சேர்ப்பதா, அரசுப் படைகளின் செயலைச் சேர்ப்பதா என்ற இரண்டு இடங்களில் பேச்சு நின்றுவிடுகிறது. உங்கள் மேடையிலும் அங்கேதான் நிற்கும். எனவே பாதி நேரத்தை அதற்குப் பறிகொடுக்காதீர்கள்.

கேள்வி: 1948-இல் எங்கள் ஊரில் துரைகளைச் சுட்டவர்களைப் பயங்கரவாதிகள் என்று பேரன் படிக்கிறான். எங்கள் தோட்டத்துப் பெரியவர்களோ, "சங்கத்துக்காக நின்ற ஆட்களை வெள்ளைக்காரன் காட்டுக்குத் துரத்தினான்" என்பார்கள். யாரை நம்புவது?
- ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி

பதில்: ஐயா, உங்கள் ஊர்ச் சம்பவத்தையே பட்டிமன்றத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். மூன்று அடுக்கும் அதில் தெளிவாகத் தெரிகின்றன.

1948 ஜூன் 16 காலை, சுங்கை சிப்புட் அருகே இரண்டு தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 18-ஆம் தேதி மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது.

பின்புலம்: ஜப்பானியர் ஆட்சிக்குப் பிந்திய அரிசித் தட்டுப்பாடு, குறைந்த கூலி, 1947-இல் தோட்டம் தோட்டமாக நடந்த வேலைநிறுத்தங்கள். தூண்டுதல்: தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பை முடக்கும் சட்டத் திருத்தம் அதே ஜூன் மாதம் வந்தது. பேச இருந்த வாசல் அடைபட்டது. உங்கள் பெரியவர்கள் சொல்வதில் இந்தப் பகுதி உண்மை. ஆனால் மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சி ஆயுதப் போராட்டத்தை நோக்கித் திரும்பியது அதற்கு முன்பே, மார்ச் மாதம் சிங்கப்பூரில் கூடிய கூட்டத்தில். ஜப்பானியரை எதிர்த்த காலத்துத் துப்பாக்கிகள் காட்டில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. முடிவும் ஆயுதமும் தயாராக இருந்தன என்பதை மறைத்தால் கதை பாதிதான்.

பழிக்கு வருவோம். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 2,500 பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள், நூற்றுக்கணக்கானோர் காணாமற்போனார்கள். ஆயுதமில்லாத தொழிலாளியைக் கொன்றவர், கூலி உயர்வுக்காக நின்றேன் என்று சொல்லி அந்தப் பழியிலிருந்து இறங்க முடியாது. அதேபோல் 1948 டிசம்பர் 12 அன்று சிலாங்கூர் பத்தாங் காலி தோட்டத்தில் பிரிட்டிஷ் படையினர் ஆயுதமில்லாத 24 பேரைச் சுட்டுக் கொன்றது அரசின் பழி. விசாரணைக்கு உத்தரவிடக் கோரிய குடும்பத்தாரின் மனுவை 2015-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நமக்கு இது இன்றும் வலிக்கிறது.

எஸ். ஏ. கணபதியின் பெயரும் மேடையில் வரும். அவர் அந்தத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர். 1949 மே 4 அன்று தூக்கிலிடப்பட்டார். துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருந்தார் என்பதே குற்றச்சாட்டு. அவசரகால விதிகளில் அதற்கே மரண தண்டனை. கொலைக் குற்றம் அவர்மீது தீர்ப்பாகவில்லை. ஆகவே, சுட்டவர்களோடு அவரை ஒரே வரியில் சேர்ப்பது தவறு.

பேரனுக்கு ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். காட்டிலிருந்தவர்களுக்கு மக்களிடமிருந்து உணவும் உதவியும் போகாமல் தடுக்க ஆங்கிலேய அரசு வகுத்த பிரிக்ஸ் திட்டத்தில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்டார்கள். கடையில் விற்கும் தகர டப்பாக்களில் ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள், காட்டுக்குக் கொண்டுபோனால் கெட்டுப்போகட்டும் என்று. பால் வெட்டப் போகிறவர் வாசலில் சோதனைக்கு நின்றார். பகல் சாப்பாட்டைக் கொண்டுபோக முடியாது. யாரையும் சுடாதவர்கள் சுமந்த தண்டனை அது.

கேள்வி: வறுமைதான் வேர் என்று பேச எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். புள்ளிவிவரம் கிடைக்குமா?
- ஆறாம் படிவ மாணவி

பதில்: கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் உங்கள் அணிக்கு எதிராக. பொருளியலாளர் ஆலன் குரூகர், யிட்கா மலெச்கோவாவோடு 2003-இல் வெளியிட்ட ஆய்வில், லெபனானில் இறந்த 129 ஹிஸ்புல்லா போராளிகளைப் பொதுமக்களோடு ஒப்பிட்டார். வறியவர்கள் போராளிகளில் 28 விழுக்காடு, பொதுமக்களில் 33. இடைநிலைப்பள்ளியோ அதற்கு மேலோ படித்தவர்கள் போராளிகளில் 47, பொதுமக்களில் 38.

1948-ஐயே பாருங்கள். ஒரே லயத்தில் ஒரே கூலி வாங்கிய ஆயிரக்கணக்கானோரில் மிகச் சிலரே காட்டுக்குப் போனார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டியது தொடர்புகள்: முன்னே போன நண்பன், கட்சிக் கிளை, காட்டோரம் அரிசி கொண்டுபோய்ச் சேர்த்த ஆள்.

உங்கள் வாதத்தைக் கொஞ்சம் திருப்புங்கள். ஐ.நா. வளர்ச்சித் திட்டம் ஆப்பிரிக்கத் தீவிரவாதக் குழுக்களில் தாமாகச் சேர்ந்தவர்களிடம் பேசி 2017-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கடைசியில் தம்மைத் தள்ளியது அரசின் செயலே, அதாவது சொந்தக்காரர் அல்லது நண்பர் கொல்லப்பட்டதோ கைதானதோ போன்ற ஒன்று என 71 விழுக்காட்டினர் சொன்னார்கள். "வறுமை பின்புலம், அரசின் செயல் தூண்டுதல்" என்று பேசினால் எதிரணி உங்களை எளிதில் அசைக்க முடியாது.

கேள்வி: ஈழத்தைப் பற்றிப் பேசலாமா? போலீஸ் வருமா?
- மண்டபப் பொறுப்பாளர்

பதில்: விவாதிப்பது வேறு, ஆதரவு திரட்டுவது வேறு. விடுதலைப் புலிகள் அமைப்பு 2014 முதல் மலேசியாவில் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. அத்தகைய அமைப்புக்கு ஆதரவு தருவதும், அதனோடு தொடர்புடைய பொருள் வைத்திருப்பதும் குற்றவியல் சட்டத்தில் குற்றம். 2012-இல் வந்த சொஸ்மா என்னும் பாதுகாப்புக் குற்றங்கள் சிறப்புச் சட்டத்தின் கீழ் 28 நாள் வரை தடுத்து வைக்கலாம். 2019 அக்டோபரில் புலிகளோடு தொடர்பு என்று சட்டமன்ற உறுப்பினர்கள் உட்பட 12 பேர் கைதானார்கள். 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் வழக்குகளைக் கைவிட்டார். கைப்பேசியிலோ முகநூலிலோ தலைவர் படம் வைத்திருப்பதால் ஒருவர் பயங்கரவாதி ஆகிவிடமாட்டார் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. ஆனாலும் அதுவரை அவர்கள் சிறையில் கழித்த மாதங்கள் திரும்பி வரவில்லை. பதாகையில் புலிச் சின்னம் வேண்டாம், அன்று உண்டியல் வேண்டாம், பேச்சு முழுவதையும் பதிவு செய்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் முன்பே கேளுங்கள்.

பேசினால் முழுதாகப் பேசுங்கள். 1956-இன் தனிச்சிங்களச் சட்டம், 1981-இல் எரிந்த யாழ் நூலகம், 1983 ஜூலைப் படுகொலை, 2009-இல் பாதுகாப்பு வலயத்துக்குள் விழுந்த எறிகணைகள். இவற்றைச் சொல்லும் அதே வாயால், 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் விரட்டியதையும், சிறுவர்களைப் படையில் சேர்த்ததையும் சொல்ல வேண்டும். நம் இனம் என்பதால் அந்தப் பிள்ளைகளின் கணக்கை விட்டுவிடக் கூடாது.

கேள்வி: மதம்தானே எல்லாவற்றுக்கும் காரணம்?
- பெயர் குறிப்பிடாத வாசகர்

பதில்: இல்லை. 1948-இல் துரைகளைச் சுட்டவர்களின் கட்சி மதத்தையே ஏற்காதது. 2011-இல் நார்வேயில் 77 பேரைக் கொன்றவனை நடத்தியது தீவிர வலதுசாரி வெறி. அதே வகை வெறிதான் 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றது. 2016-இல் பூச்சோங் கேளிக்கை விடுதியில் கையெறிகுண்டு வீசியவர்கள் மதத்தின் பெயரைச் சொன்னார்கள். அதற்கான பழி அவர்களையும் அவர்களுக்கு ஆணையிட்டவர்களையும் சேரும். பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தைச் சேராது.

கேள்வி: இவையெல்லாம் எப்படித்தான் முடிகின்றன?
- தோட்டக் கிராணி

பதில்: 1968 முதல் 2006 வரை உலகில் இயங்கிய 648 குழுக்களை ராண்ட் ஆய்வு நிறுவனம் 2008-இல் ஆராய்ந்தது. முடிந்துபோன குழுக்களில் 43 விழுக்காடு அரசியலுக்குள் வந்து முடிந்தன. 40 விழுக்காட்டைப் போலீசும் உளவும் முடித்தன. இராணுவத்தால் முடிந்தவை 7 விழுக்காடு மட்டுமே. நம் நாட்டிலும் 1948-இல் தொடங்கிய கிளர்ச்சியைப் படை மட்டும் முடிக்கவில்லை. குடியுரிமை வழங்கியதும் 1957-இன் சுதந்திரமும் காட்டிலிருந்தவர்களின் முக்கிய வாதத்தைப் பறித்துவிட்டன. 1955 டிசம்பரில் பாலிங்கில் துங்கு அப்துல் ரஹ்மானும் கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர் சின் பெங்கும் பேசியது, சரணடைவதா இல்லையா என்ற இடத்தில் முறிந்தது. அமைதி உடன்பாடு கையெழுத்தானது 1989 டிசம்பர் 2 அன்று, தாய்லாந்தின் ஹாட் யாயில்.