சிங்கப்பூரில் நடமாட முடியாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள வெளிநாட்டுப் பணிப்பெண்ணை எடுக்கலாமா? எதைக் கவனிக்க வேண்டும்?

எடுக்கலாம். ஆனால் அவசரத்தில் எடுக்காதீர்கள். நாங்கள் அப்படித்தான் எடுத்தோம்.

பக்கவாதத்தில் அம்மாவுக்கு வலது கையும் காலும் விழுந்தபோது வயது 71. வீட்டுக்கு அனுப்பப் பத்து நாள்தான் இருக்கிறது என்றார்கள் மருத்துவமனையில். ஏஜென்ட் காட்டிய முதல் பெண்ணுக்கே சரி சொல்லிவிட்டோம். முதியோரைப் பார்த்த அனுபவம் உண்டு என்று விவரத்தாளில் இருந்தது. வந்த பிறகுதான் தெரிந்தது, அவர் பார்த்துக்கொண்டது நன்றாக நடமாடும் ஒரு பாட்டியை. அம்மாவைத் தூக்கி உட்கார வைக்கவே பயந்து, மூன்று வாரத்தில் அழுதுகொண்டே போய்விட்டார். பாவம், அவர்மேல் தப்பில்லை. கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை.

அடுத்த முறை வீடியோ நேர்காணலில், "கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு எப்படி மாற்றுவீர்கள், செய்து காட்டுங்கள்" என்றேன். மியன்மார் பெண் ஒருவர் நாற்காலியைத் தொடும் முன், "அம்மாவுக்கு எந்தப் பக்கம் பலவீனம்?" என்று கேட்டார். வலது என்றதும் நாற்காலியை இடப்பக்கம் கொண்டுவந்து வைத்தார், குனிந்து பிரேக் போடுவதுபோல் காட்டினார். அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

செலவைப் பொறுத்தவரை, அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தீர்வை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வீட்டில் 67 வயதோ அதற்கு மேலோ ஆன சிங்கப்பூர்க் குடிமகன் இருந்தால் சலுகை விலையில் 60 வெள்ளி. அதற்கு, அம்மாவின் அடையாள அட்டையில் உங்கள் முகவரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பணிப்பெண்ணுக்காக அரசாங்கத்துக்குத் தரும் 5,000 வெள்ளிப் பிணைத்தொகையை ரொக்கமாகக் கட்ட வேண்டியதில்லை, காப்புறுதி நிறுவனமே உத்தரவாதம் தரும். அவருக்கான மருத்துவக் காப்புறுதி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு மருத்துவப் பரிசோதனையும் உண்டு. வேலை அனுமதி இரண்டு ஆண்டு வரை. முதல்முறை எடுப்பவர் மனிதவள அமைச்சு சொல்லும் அறிமுக வகுப்பை முடித்தாக வேண்டும். தீர்வையைப் பணிப்பெண்ணின் சம்பளத்தில் பிடிக்கவோ, அவர் கடப்பிதழை (பாஸ்போர்ட்) நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளவோ கூடாது. சம்பளம் பேசும்போதே இந்த வேலைக்கு வருவதற்காக அவருக்கு எவ்வளவு கடன் இருக்கிறது என்று கேளுங்கள். முதல் சில மாதச் சம்பளம் பெரும்பாலும் அதற்கே போய்விடும். அந்தக் கவலையோடு ஒருவர் நம் வீட்டில் இருக்கிறார் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், ஓய்வு. வாரம் ஒரு நாள் ஓய்வு கட்டாயம். 2023 ஜனவரி முதல், மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது, அதற்குப் பதில் பணம் கொடுத்து வேலை வாங்காமல், விட்டே ஆக வேண்டும். நாங்கள் எல்லா ஞாயிறும் விடுகிறோம். அவர் மியன்மார்க்காரர்கள் கூடும் பெனின்சுலா பிளாசா கடைத்தொகுதிக்குப் போய்த் தோழிகளைப் பார்த்துவிட்டு வருவார். அன்று அம்மாவைக் குளிப்பாட்டுவது நான். ஒரே ஞாயிற்றில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆறு நாளும் அவர் செய்வது என்ன என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. படுக்கைப்புண் வராமல் இருக்க இரவிலும் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அந்த வேலையை நானும் கணவரும் எடுத்துக்கொண்டோம். பகலும் இரவும் ஒரே ஆள் என்றால் யாராலும் தாங்க முடியாது.

அவர் வந்ததும் இரண்டு வாரமாவது லீவு போட்டு வீட்டில் இருங்கள். அந்த இரண்டு வாரத்தில்தான் குளிர்பதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டினோம். தண்ணி, வலிக்குது, போதும், திருப்பு. பக்கத்தில் அவர் கைப்பட பர்மிய எழுத்தில் அதே உச்சரிப்பு. இப்போது தாள் மஞ்சளாகிவிட்டது, யாரும் அதைப் பார்ப்பதில்லை. அம்மா வாயைத் திறப்பதற்குள் தண்ணீர் வந்துவிடுகிறது.