பாண் மீது விழுந்த பழி

அன்புள்ள ஐயா,

வெள்ளவத்தையில் வசிக்கிறேன். வயது 36. இரண்டு வருடங்களாக வயிற்றுப் பொருமல், இரைச்சல். காலையில் பஸ் ஏறுவதற்கே பயம். கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்று தோழி ஒருத்தி சொன்னதால் மூன்று மாதங்களுக்கு முன் பாணை விட்டேன். முதல் மாதம் நல்ல சுகம். இப்போது மறுபடியும் பழையபடியே. கொத்து ரொட்டி, ரோல்ஸ் எதையும் தொடுவதில்லை. அம்மாவோ, "இது வருத்தமில்லை, நாகரிகம்" என்கிறார். இனி எதை விடுவது? உங்கள் வயிற்றுப் பாட்டை முன்பொரு முறை எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் என்ன குடிக்கிறீர்கள் என்றுதான் உங்கள் கடிதத்தில் முதலில் தேடினேன். ஒரு சொல்கூட இல்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று வைத்தியர் கேட்டபோதெல்லாம் பாண், சோறு, கறி என்று ஒப்புவித்தேனே தவிர, நாளுக்கு ஐந்து பால் தேநீர் என்று சொன்னதில்லை. தேநீரை யார் சாப்பாட்டில் சேர்க்கிறார்கள்?

நானும் முதலில் பாணைத்தான் பிடித்தேன். விட்டதும் சுகம், பிறகு பழையபடி. ஆனாலும் சந்தேகம் கோதுமையை விட்டு அசையவில்லை. கடை இடியப்பத்தில் கோதுமை மா கலந்திருக்கிறதா என்று விசாரித்தேன். எங்கள் வீட்டுப் புட்டில் அவித்த கோதுமை மா சேர்ப்பதை நிறுத்தினேன். கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மா உண்டு என்று அறிந்த நாளில் சாம்பாரும் போயிற்று. வீட்டில் என்னோடு சாப்பிட உட்காரவே பயந்தார்கள்.

உண்மை வெளிவந்தது 2022இல். அந்த மார்ச்சில் 400 கிராம் பால்மாப் பொதி 790 ரூபாவுக்கு ஏறியது நினைவிருக்கும். அந்த விலைக்கும் பொதியைக் காணோம். கடைகளில் பிளேன்டீ மட்டும்தான். சமைக்க எரிவாயுவும் இல்லாததால், கிடைத்த நாளெல்லாம் பாணும் சம்பலும். இரண்டு வருடம் விலக்கி வைத்த அதே பாண். வயிறு மூச்சுக் காட்டவில்லை. மின்வெட்டும் வரிசையுமாக இருந்த நாட்களில் இதைக் கவனிக்கவே ஒரு மாதம் சென்றது.

பிறகு ஒருநாள் மருமகன் எங்கிருந்தோ ஒரு பொதி பால்மா கொண்டுவந்தான். திருவிழாத்தான். கரண்டி குவியக் குவியப் போட்டு, நுரை வர ஆற்றி, பெரிய கோப்பையில் குடித்தேன். ஒன்றரை மணி நேரம் இருக்கும். தொப்புளுக்குக் கீழே முதலில் ஒரு உருளல், பிறகு வேட்டியைத் தளர்த்தும் அளவுக்குப் பொருமல், பிறகு ஓட்டம். குளியலறைக்குள் மெழுகுதிரியோடு உட்கார்ந்திருந்தபோதுதான் பாணிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

பஞ்சம் நோயைக் காட்டிக்கொடுப்பது புதிதல்ல. கோதுமையால் குடல் கெடும் சீலியாக் நோய்க்குக் காரணம் தேடிய டச்சுக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே, போருக்கு முன்பே கோதுமையைச் சந்தேகித்தவர். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் பாண் அற்றுப்போனபோது அந்தக் குழந்தைகள் தேறியதையும், பாண் திரும்பியதும் மீண்டும் நலிந்ததையும் கண்டார். 1950இல் அதை ஆய்வேடாக எழுதினார். அவருக்குப் பாண் குற்றவாளி. எனக்கு அதே பாண் நிரபராதி.

பாலில் உள்ள சர்க்கரை லாக்டோஸ். அதை உடைக்கும் லாக்டேஸ் நொதி, குழந்தைப் பருவம் தாண்டியதும் உலகில் பெரும்பாலானோருக்குக் குறைந்துவிடுகிறது. உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போக, அங்குள்ள பக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்குகின்றன. பால்மாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தச் சர்க்கரைதான். ஒரே தடவையில் 12 கிராம் வரை பலர் தாங்குவார்கள். நானோ ஐந்து கோப்பையிலும் சேர்த்து அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் குடித்துக்கொண்டிருந்தேன்.

பாணை விட்ட முதல் மாதம் சுகமாக இருந்ததே என்பீர்கள். பாணைத் தோய்த்துத் தின்பதற்காகவே நான் காலையில் பெரிய கோப்பைத் தேநீர் வைத்திருந்தேன். பாண் போனதும் கோப்பையும் போயிற்று. இடியப்பத்தைத் தேநீரில் தோய்க்க முடியாதே! பிறகு அலுவலகத்தில் அது மெல்லத் திரும்பிவிட்டது. உங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பாணோடு சேர்ந்து வேறென்ன போயிற்று என்று எண்ணிப் பாருங்கள்.

அதற்கு முன் வைத்தியரிடம் போங்கள். சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனை, கோதுமை உண்பவருக்குத்தான் சரியாகக் காட்டும். நீங்கள் விட்டு மூன்று மாதமாகிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வழக்கமாக ஆறு வாரமாவது தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வார்கள். எடை குறைந்தாலோ மலத்தில் இரத்தம் கண்டாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

அது தெளிந்தபின் இரண்டு வாரம் பாலை மட்டும் விடுங்கள். பாணைத் தொடர்ந்து சாப்பிடுங்கள். இரண்டையும் சேர்த்து விட்டால் என்னைப்போல் ஏமாறுவீர்கள். ஒரு பழைய கொப்பியில் சாப்பிட்டதையும் குடித்ததையும் நேரத்தோடு எழுதுங்கள். பிறகு ஒரு கோப்பைப் பால் குடித்துப் பாருங்கள்.

எனக்கு இப்போது இஞ்சி தட்டிய பிளேன்டீ, கடித்துக்கொள்ள ஒரு துண்டு கருப்பட்டி. தயிர் ஒத்துக்கொள்கிறது, உறையும்போதே லாக்டோஸின் ஒரு பங்கு கரைந்துவிடுவதால். தேங்காய்ப்பால் பெயரில்தான் பால், சொதிக்குத் தடையில்லை. கல்சியத்துக்கு முள்ளோடு தின்னும் நெத்தலியும் குரக்கன் புட்டும் உண்டு.

அம்மாவோடு வாதாட வேண்டாம். அவர் காலையில் யாருக்கு எத்தனை கரண்டி பால்மா போடுகிறார் என்று மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். அடுத்த கடிதத்தில் அந்தக் கணக்கை எழுதுங்கள்.