‘சலோ’ பற்றிக் கேட்டவை, சொன்னவை

இத்தாலிய இயக்குநர் பசோலினி 1975-ல் எடுத்த ‘சலோ, அல்லது சோதோமின் 120 நாட்கள்’ படத்தை மூன்று முறை பார்த்திருக்கிறேன் என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து கேள்விகள். மொத்தமாக இங்கே பதில்.

சார், பார்க்கிற தைரியம் இல்லை. கதையை மட்டும் சொல்லுங்களேன்.

1943-ல் முசோலினியின் ஆட்சி கவிழ்ந்தது. ஜெர்மானியர்கள் அவரை மீட்டு வந்து வடக்கு இத்தாலியில் ஒரு பொம்மை அரசை அமைத்தார்கள். கார்தா ஏரிக்கரையில் உள்ள சலோ என்ற ஊரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. படம் நடப்பது அந்த அரசின் கடைசி நாட்களில். ஒரு பிரபு, ஒரு பிஷப், ஒரு நீதிபதி, ஒரு தலைவர் என்று நான்கு பெரிய மனிதர்கள். 18 இளைஞர்களையும் இளம்பெண்களையும் பிடித்துவந்து ஒரு மாளிகையில் அடைக்கிறார்கள். அப்புறம் நடப்பதெல்லாம் சித்திரவதைதான். இத்தாலியக் கவி தாந்தேயின் காவியத்தில் வரும் நரகம் போல, ஒரு முன்வாசல், அதன்பின் மூன்று வட்டங்கள் என்று படம் பிரிக்கப்பட்டிருக்கிறது.

பேயும் இல்லை, திடுக்கிட வைக்கும் சத்தமும் இல்லை. இதை ஏன் திகில் படம் என்கிறார்கள்?

எனக்கு இதில் மிகவும் பயம் தந்தது ரத்தம் இல்லை, நோட்டுப் புத்தகம். மாளிகைக்குள் நுழைந்ததும் விதிமுறைகளை வாசிக்கிறார்கள். மீறுகிறவர் பெயர் நோட்டில் ஏறும். தண்டனை பிறகு வரும். தாலுகா ஆபீஸ் ரெஜிஸ்டர் மாதிரி எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. கேமரா தள்ளியே நிற்கிறது, பதறுவதில்லை. கடைசி வதைகளை மேல்மாடியிலிருந்து பைனாகுலரில் பார்க்கிறார்கள். அலறல் நமக்குக் கேட்பதில்லை. பைனாகுலருக்குப் பின்னால் பசோலினி நம்மையும் உட்கார வைத்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது இரண்டாம் முறை பார்த்தபோதுதான். முதல் முறை பாதியில் எழுந்து போய்விட்டேன்.

இன்னொரு இடம். தண்டனைக்குப் பயந்த ஒருவன் இன்னொருத்தியைக் காட்டிக்கொடுப்பான், அவள் வேறு இருவரை. சங்கிலி கடைசியில் ஒரு காவலனிடம் வந்து முடியும். வேலைக்காரப் பெண்ணுடன் இருக்கும்போது பிடிபடுகிறான். நிர்வாணமாக எழுந்து நின்று முஷ்டியை உயர்த்துகிறான். துப்பாக்கி நீட்டியவர்கள் ஒரு கணம் தயங்குகிறார்கள், பிறகுதான் சுடுகிறார்கள். படம் முழுக்க அந்த நான்கு பேர் தடுமாறுவது எனக்குத் தெரிந்து அங்கே மட்டும்தான்.

மலம் தின்னும் காட்சி நிஜமா அண்ணா?

இல்லை தம்பி. சாக்லேட், ஆரஞ்சு மார்மலேட்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், இந்தப் படப்பிடிப்புக்கு நடுவே கால்பந்துப் போட்டியெல்லாம் நடந்திருக்கிறது. பக்கத்தில் இயக்குநர் பெர்தொலூச்சி ‘1900’ என்ற படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் பசோலினியிடம் உதவியாளராக இருந்தவர். இரண்டு குழுவும் 1975 மார்ச்சில் பார்மாவில் மோதின. குருநாதர் அணி 5-2 கணக்கில் தோற்றது.

இந்தப் படம் எடுத்ததால்தான் பசோலினியைக் கொன்றார்களா?

அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. 1975 நவம்பர் 2, ரோம் அருகே ஓஸ்தியா கடற்கரையில் அடித்து, அவருடைய காரையே அவர்மேல் ஏற்றிக் கொன்றார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றான். 2005-ல் தான் செய்யவில்லை என்று மாற்றிச் சொன்னான். அந்தக் கோடையில் படத்தின் சில சுருள்கள் திருடுபோனதால் சதி என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. பாரிஸில் முதல் திரையிடல் நடந்தது அவர் இறந்து மூன்று வாரம் கழித்து.

எந்தெந்த நாட்டில் தடை?

பட்டியல் நீளம். இத்தாலியில் 1976 ஜனவரியில் வெளியான கையோடு பறிமுதல். பிரிட்டனில் தணிக்கைச் சான்று மறுப்பு. 1977-ல் லண்டன் சோஹோவில் ஒரு கிளப் திரையிட்டபோது போலீஸ் புகுந்தது. வெட்டில்லாமல் அனுமதி கிடைத்தது 2000-ல். ஆஸ்திரேலியா கதை தமாஷ்: 1976-ல் தடை, 1993-ல் நீக்கம், 1998-ல் மறுபடி தடை, 2010-ல் டிவிடிக்கு மறுபடி அனுமதி. காமத்தைத் தூண்டும் என்று பயந்து தடை செய்தவர்கள் படத்தைப் பார்த்தார்களா என்றே சந்தேகம். இதைவிடக் காமத்தைக் கொல்லும் படம் கிடையாது.

மூலக்கதை மார்க்விஸ் தெ சாத் எழுதியதுதானே?

ஆமாம், அந்தப் பிரெஞ்சு எழுத்தாளர் 1785-ல் பாரிஸின் பாஸ்டீல் சிறையில் இருந்தபோது எழுதியது. சிறு தாள்களை ஒட்டிச் சுமார் 12 மீட்டர் சுருளாக்கி, பொடி எழுத்தில் எழுதி, சுவரில் ஒளித்துவைத்தார். 1789-ல் சிறை விழுவதற்குப் பத்து நாள் முன்பு அவரை வேறிடத்துக்கு மாற்றினார்கள். சுருள் போயிற்று என்று அழுதாராம். 1904-ல்தான் அச்சேறியது. 2021-ல் பிரெஞ்சு அரசு அதை 45.5 லட்சம் யூரோவுக்கு வாங்கியது. எழுதியவரைச் சிறையில் வைத்த அதே நாடு!

தோழர், ‘டெக்கமரான்’ போல உடலைக் கொண்டாடியவர் ஏன் இப்படி மாறினார்?

இதுதான் நல்ல கேள்வி. ‘டெக்கமரான்’, ‘கேன்டர்பரி கதைகள்’, ‘அரேபிய இரவுகள்’ என்ற முந்தைய மூன்று படங்களிலும் ஏழைகளின் உடல் சந்தைக்கு வெளியே இருப்பதாக அவர் நம்பினார். படங்கள் ஓடின. உடனே மட்டமான போலிகள் வரிசையாக வந்தன. உடலும் கடைச்சரக்காகிவிட்டது என்று கசந்துபோய், 1975-ல் அந்த மூன்று படங்களையும் தானே நிராகரித்துக் கட்டுரை எழுதினார். பழைய பாசிசத்தைவிட நுகர்வுக் கலாச்சாரம் மனிதர்களை ஆழமாக மாற்றுகிறது என்பது அவர் வாதம். ‘சலோ’வில் முசோலினி கால உடை வெறும் உடைதான், அவர் திட்டுவது 1975-ஐ.

அதற்காக அந்தக் காலம் அவருக்கு அந்நியம் இல்லை. படத்தின் தொடக்கத்தில் மார்சபோத்தோ என்ற ஊர்ப்பலகை வரும். 1944-ல் நாஜிப் படை நூற்றுக்கணக்கான கிராம மக்களைக் கொன்ற இடம். அவருடைய தம்பி குயிதோ 1945-ல் இறந்தான். கொன்றது பாசிஸ்டுகள் அல்ல, பாசிச எதிர்ப்புப் படையிலேயே இருந்த கம்யூனிஸ்டுகள். அதற்குப் பிறகும் இவர் கம்யூனிஸ்டாகவே இருந்தார்.

இந்தியாவுக்கு வந்திருக்கிறாராமே?

1961-ல் நாவலாசிரியர் மொராவியாவுடன் வந்தார். பிறகு மறுபடி வந்து ஒரு ஆவணப்படம் எடுத்தார், அது 1968-ல் வெளியானது. பசித்த புலிகளுக்குத் தன் உடலையே கொடுக்கும் ராஜாவின் கதையைச் சொல்லி, இது நடக்குமா என்று இங்குள்ளவர்களிடம் கேட்டுக்கொண்டே போவார். நம் சிபி கதைக்கு ஒன்றுவிட்ட தம்பி! தானாகக் கொடுக்கும் உடலைத் தேடியவர், ஏழு வருடம் கழித்துப் பிடுங்கப்படும் உடலைப் படமெடுத்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

கடைசிக் காட்சி புரியவில்லை. இவ்வளவு கொடுமைக்குப் பிறகு ஏன் நடனம்?

வெளியே வதை நடக்கிறது. உள்ளே காவலுக்கு நிற்கும் இரண்டு இளைஞர்களுக்குச் சலிப்பு. ஒருவன் ரேடியோவில் வேறு ஸ்டேஷன் வைக்கிறான், மெல்லிசை. இருவரும் தட்டுத்தடுமாறி ஆடுகிறார்கள். உன் காதலி பேர் என்ன என்று ஒருவன் கேட்க, மற்றவன் மார்கரீத்தா என்கிறான். சிலர் இதை நம்பிக்கை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் பாட்டு முடியும், பையன்கள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குத் திரும்புவார்கள்.