ஆபரேஷன் முடிஞ்ச ஆறாவது நாள் ரிப்போர்ட்டை வச்சு அப்பாவோட ஆயுசை கணக்கு போடலாமா?

வாசகர் கேள்வி: அப்பாவுக்கு வயசு 62, பெருங்குடல் கேன்சர், மூணாவது ஸ்டேஜ். ஆபரேஷன் முடிஞ்சு ஆறாவது நாள் ரத்தம் எடுத்தாங்க. சிஇஏ (குடல் கேன்சர்ல ரத்தத்துல ஏறுற புரோட்டீன்) முன்னாடி 18, இப்ப 9. வெள்ளணு வகையில நியூட்ரோஃபில் 80 சதவீதம், லிம்ஃபோசைட் 14. இது ரெண்டையும் வகுத்தா 5க்கு மேல வரக்கூடாது, வந்தா ஆயுசு கம்மினு நெட்ல போட்டிருக்கு, அப்பாவுக்கு 5.7 வருது. எவ்வளவு நாள் இருப்பார் டாக்டர்?

பதில்: அந்த 5.7ஐ இப்போதைக்கு மறந்துடுங்க, ப்ளீஸ். வயித்தைத் திறந்து குடலை வெட்டித் தச்சிருக்காங்க, அப்படி ஒரு காயம் ஆனா யாருக்கா இருந்தாலும் நியூட்ரோஃபில் ஏறும் லிம்ஃபோசைட் இறங்கும், தையல் போட்ட இடத்துல லேசா இன்ஃபெக்ஷன் இருந்தா இன்னும் ஏறும். பின்னாடி கீமோ ஆரம்பிச்சா வாந்தி வராம இருக்க டெக்சாமெத்தசோன்னு ஒரு ஸ்டீராய்டு போடுவாங்க, வெள்ளணு ஏத்துற ஊசியும் போடலாம், அதுக்கும் இந்த நம்பர் ஏறும், அப்பவும் பயந்துடாதீங்க. நீங்க படிச்ச மாதிரி ஆராய்ச்சியில பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த ரத்தத்தைத்தான் பார்த்திருக்காங்க, அதுலயும் ஒருத்தர் 3ன்னு கோடு போடுவார், இன்னொருத்தர் 5ன்னு போடுவார். கோட்டுக்கு மேல இருந்த கூட்டத்துல சராசரியா கொஞ்சம் பேர் சீக்கிரம் போனாங்கன்னுதான் அதுக்கு அர்த்தம், உங்க அப்பா எத்தனை வருஷம் இருப்பார்னு அதுல இல்ல.

உண்மையில உபயோகமானது சிஇஏ தான். 1965லயே கண்டுபிடிச்ச புரோட்டீன், இன்னைக்கும் குடல் கேன்சர் ஃபாலோஅப்புக்கு அதைத்தான் நம்புறோம். பொதுவா 5 நானோகிராமுக்குள்ள இருந்தா நார்மல், சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு கொஞ்சம் கூடவே இருக்கும். கட்டியை எடுத்ததும் அது சட்டுனு காணாம போகாது, பாதியாக சில நாள்ல இருந்து ஒரு வாரம் வரைக்கும் ஆகும், அதனால ஆறு நாள்ல 18 வந்து 9 ஆனது இறங்க வேண்டிய விதத்துலதான் இறங்குது. நாலுல இருந்து ஆறு வாரம் கழிச்சு அதே லேப்ல மறுபடி எடுங்க (லேப் மாறினா மெஷின் மாறும், நம்பரும் மாறும், தேவையில்லாத கலக்கம்), அந்த நம்பர்தான் முக்கியம். 5க்குள்ள வந்துட்டா நல்ல அறிகுறி, வரலைன்னா எங்கயாவது மிச்சம் இருக்கான்னு ஸ்கேன்ல தேடணும்.

சிஆர்பி (உடம்புல அழற்சி இருந்தா ஏறுற புரோட்டீன்), ஆல்புமின் (ரத்தத்துல இருக்குற முக்கியமான புரோட்டீன்) ரெண்டையும் சேர்த்து பார்க்குற ஸ்கோர் ஒண்ணும் இருக்கு. சிஆர்பி லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல, ஆல்புமின் 35 கிராமுக்கு கீழன்னா உடம்பு உள்ளுக்குள்ள எரிஞ்சு சத்து இழக்குதுன்னு அர்த்தம், ஆனா இதையும் ஆபரேஷன் ஆன வாரத்துல பார்த்து பிரயோஜனம் இல்ல. புதுசா சிடிடிஎன்ஏன்னு ஒண்ணு, கட்டியோட டிஎன்ஏ துணுக்கு ரத்தத்துல மிச்சம் இருக்கான்னு பார்க்குறது. ஆபரேஷனுக்கு அப்புறமும் அது இருந்தா கேன்சர் திரும்பி வர்ற வாய்ப்பு ரொம்ப அதிகம், இல்லைன்னா குறைவு, ஆனா வரவே வராதுன்னு உத்தரவாதம் இல்ல. இன்னும் எல்லா இடத்துலயும் வழக்கமா எடுக்குற டெஸ்ட் ஆகலை.

இது எல்லாத்தையும் விட பயாப்சி ரிப்போர்ட்தான் அதிகம் பேசும், எத்தனை நெறிக்கட்டியில கேன்சர் இருந்துச்சு, கட்டி குடல் சுவரைத் தாண்டிடுச்சா, எம்எஸ்ஐ டெஸ்ட் (கட்டியோட செல்லுல டிஎன்ஏ பிழையைத் திருத்துற வேலை கெட்டிருக்கான்னு பார்க்குறது) என்ன சொல்லுதுன்னு டாக்டர்கிட்ட உட்கார்ந்து கேளுங்க.

அப்புறம் முதல் ரெண்டு வருஷம் மூணுல இருந்து ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் முடியற வரைக்கும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சிஇஏ எடுக்கணும். நடுவுல ஏறினா உடனே முடிவு கட்டாதீங்க, ஆக்சாலிப்ளாட்டின் கீமோ ஆரம்பிச்ச முதல் சில வாரம் சும்மாவே ஏறி இறங்கும், மறுபடி எடுத்துப் பார்த்து அப்பவும் ஏறுதுன்னா சிடி ஸ்கேன். இந்த டெஸ்ட்டை விடாம எடுக்கச் சொல்றதே அதுக்குத்தான், கல்லீரல்ல சின்னதா திரும்பி வந்திருந்தா கூட சீக்கிரம் பிடிச்சா சிலருக்கு அதையும் ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்.